அளவுக்கு மேல் ஒரு மூடி ஆயில்

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கடலில் தொழில் செய்கிறவரைக் கட்டிக்கொண்டு பயமே இல்லாமல் இருக்கிறேன் என்று எவளாவது சொன்னால், அவள் புளுகுகிறாள்.

என் வீட்டுக்காரரின் ஃபைபர் படகில் இருக்கும் மோட்டார் பழசு. அதற்குப் பெட்ரோலில் ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும். கலப்பது என் வேலை. விடியற்காலையில் அவர் வலையை ஏற்றும்போது, நான் கேனில் அளந்து ஊற்றிக் குலுக்கிக் கொடுப்பேன். உலைக்கு அரிசி அளந்த பிறகு ஒரு பிடி கூடப் போடுவது எங்கள் வீட்டுப் பெண்களின் வழக்கம். ஆயிலுக்கும் அதே கைதானே. அளவுக்கு மேல் ஒரு மூடி ஊற்றிவிடுவேன். ஆயில் பற்றாமல் மோட்டார் இறுகிப்போனால் நடுக்கடலில் யாரைக் கூப்பிடுவது? அவருக்குத் தெரியாமல்தான் ஊற்றினேன். தெரிந்தால் சிரிப்பார்.

போன வருஷம் கார்த்திகையில் ஒரு நாள், வெள்ளாற்று முகத்துவாரத்தில் மீன் கூடையோடு நின்றிருந்தேன். படகு திரும்பி வந்துகொண்டிருந்தது. மணல் திட்டில் அலை உடையும் இடத்துக்கு வந்து வேகத்தைக் குறைத்ததும் மோட்டார் இருமியது. நின்றுவிட்டது. அவர் கயிற்றை இழுப்பது தெரிந்தது. மறுபடியும் இழுத்தார். படகு அலைக்குக் குறுக்கே திரும்பியது. குறுக்கே திரும்பிய படகை அலை என்ன செய்யும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குக் கத்த வரவில்லை. பின்னால் வந்த படகுக்காரர்கள் கயிறு வீசிக் கரைக்கு இழுத்து வந்தார்கள்.

"ஒண்ணுமில்ல, பிளக்கு போயிருக்கும்," என்றார் அவர், முகத்தைத் துடைத்துக்கொண்டே.

அன்றைக்கே சிதம்பரம் போய்ப் பிளக்கும் கேஸ்கட்டும் வாங்கி வந்தேன். பஸ் ஸ்டாண்ட் கூட்டத்தில் யாராவது இடித்தபோதெல்லாம் உடம்பு தூக்கிப்போட்டது.

மறுநாள் கடலூரிலிருந்து மெக்கானிக் ஒருவர் வந்து மோட்டாரின் மேல்பாகத்தைக் கழற்றினார். பிஸ்டன் தலையில் தீய்ந்த தோசைக்கல் மாதிரி கரி அப்பியிருந்தது. புகை வெளியேறும் ஓட்டை பாதி அடைத்திருந்தது. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, மூங்கில் சிம்பால் சுரண்ட ஆரம்பித்தார். எனக்கும் ஒரு சிம்பு கொடுத்தார். "இரும்பு படக் கூடாதும்மா, கோடு வுழுந்துடும்."

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். "ஆயிலு யாரு கலக்குறது? ஜாஸ்தியா ஊத்துறாப்ல இருக்கே. எரியாத ஆயிலெல்லாம் இப்படிக் கரியா நிக்குது. மெதுவா வுட்டா நின்னுதான் போவும்."

என் கை அப்படியே நின்றது. அலை உடையும் இடத்தில் அவரை நிறுத்தியது நான். பிளக்கும் இல்லை, மோட்டாரும் இல்லை.

"அளவாத்தான் ஊத்துறோம்," என்றேன்.

பச்சைப் பொய். என் வீட்டுக்காரர் பிஸ்டனையே பார்த்துக்கொண்டிருந்தார். கரியை எடுத்து, மாட்டி, தண்ணீர் டிரம்மில் ஓடவிட்டபோது முதலில் கருப்பாகப் புகை கக்கியது. பிறகு சீராக ஓடியது. எனக்கு அந்தச் சத்தம் நிம்மதி தரவில்லை.

அடுத்த நாள் விடியலில் கரையில் உட்கார்ந்து கேனைத் திறந்தேன். அளவு ஊற்றியாயிற்று. மூடி இன்னும் கையில் இருந்தது. ஊற்றினாலும் பயம், ஊற்றாவிட்டாலும் பயம். பாட்டிலைத் திருகி மூடினேன். அதற்கு மேல் தாங்கவில்லை, அழுதுவிட்டேன்.

"மாமா, நாந்தான். தெனமும் ஒரு மூடி கூட ஊத்திக்கினு இருந்தேன்."

அவர் சிரிக்கவில்லை. படகில் வலைக்கு அடியில் கையை விட்டு ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். அதுவும் ஆயில்தான். பாதி காலியாகியிருந்தது.

"முகத்துவாரம் தாண்டுனதும் டேங்க்ல நானும் ஒரு மூடி ஊத்துவேன்," என்றார். "எனக்கும் பயமா இருக்கும்ல."

பன்னிரண்டு வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயால் அன்றைக்குத்தான் கேட்டேன். பாட்டிலை என்னிடம் கொடுத்துவிட்டுப் படகைத் தள்ளினார். அவர் திரும்பி வரும்வரை அதை நான் கீழே வைக்கவில்லை.