குரல் நிறுத்தப்பட்ட புத்தகம்

பதுளையில் நான் ஏறிய ரயிலில் எதிரே அமர்ந்திருந்தவர், பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளி ஆசிரியர், பார்வையற்றவர். யார் பேசினாலும் முகத்தையல்ல, காதைத்தான் திருப்புவார். அவருடைய அக்கா வெளிநாட்டிலிருந்து அனுப்பிய மின்நூல் கருவி மடியில் கிடந்தது. ஆங்கிலப் புத்தகங்களை அது உரக்க வாசிக்கும். அவருடைய பட்டப் பரீட்சைப் புத்தகத்தை மட்டும் வாசிக்கவில்லை.

"பழுதுங்களா?" என்றேன்.

"இல்லீங்க. பதிப்பகத்துக்காரங்க குரல நிறுத்திட்டாங்க. கண்ணால வாசிக்க ஒரு உரிமையாம், சத்தமா வாசிக்க வேற உரிமையாம். எங்க லயத்துல வீட்டுக்கு வீடு ஒரே செவுரு, ஒரு வீட்டு ரேடியோவ வரிசையே கேக்கும். இவங்க வந்தா செவுத்துக்கும் காசு கேப்பாங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கருவியை வாங்கி நானே வாசிக்கத் தொடங்கினேன். வெளியே தேயிலை மலைகள் ஈரமாகச் சுழன்றன. அவர் ஒவ்வொரு வரிக்கும் உதட்டை அசைத்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். தெமோதரைச் சுரங்க இருட்டில், விளக்கில்லாத அந்தத் திரையில் எழுத்து மறைந்தது, நிறுத்தினேன்.

"இப்ப ஒங்களுக்கும் என் கதிதான்," என்றார்.

எல்ல ஸ்டேஷன் வந்தபோது அத்தியாயம் பாதியில் இருந்தது. நான் இறங்க வேண்டும்.

"மறுபடி பார்த்தா மீதிய வாசிக்கிறேன் சார்."

"பரீட்சை அடுத்த கிழமைங்க. கண்ணுள்ளவங்க எறங்குற ஸ்டேஷன் வரைக்குந்தான் எனக்குப் புத்தகம்."

நீட்டிய கையில் கருவியை வைத்தேன். வேறென்ன வைத்திருக்கலாம் என்று இன்றும் தெரியவில்லை.