ஏழு மணிப் புட்டி

எங்கள் கழிவுநீர் நிலையத்தின் ஆய்வக அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர் துப்பறிவாளி. டீயில் சர்க்கரை குறைந்தால்கூட யாரோ வேண்டுமென்றே செய்த வேலை என்பார். வீட்டுக்காரர் சீக்கிரம் வந்தாலும் விசாரணை, தாமதமானாலும் விசாரணை. பாவம் மனிதர்.

அக்காவின் வேலை கிருமிகளின் மூச்சை அளப்பது. காற்று ஊதும் தொட்டியில் அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளிய வைப்பவை கிருமிகள்தான். தொட்டித் தண்ணீரைப் புட்டியில் பிடித்து, குலுக்கி, மீட்டரைச் செருகி, ஆக்சிஜன் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்ப்பார். வேகமாகக் குறைந்தால் கிருமிகள் நலம்.

முட்டிவலி வந்ததிலிருந்து அக்கா தொட்டிப் படி ஏறுவதில்லை. தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் தம்பிதான் புட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைப்பான். அப்போதிருந்து ஒரு மாதமாக அந்த வேகத்தைக் காட்டும் எண் படுத்தே கிடந்தது.

"நான் அந்தப் பக்கம் வர்றதில்லன்னு தெரிஞ்சு ஆட்டம் போடுறான். பின்கேட் சாவி அவன்கிட்டதானே இருக்கு? காசு வாங்கிட்டு சாயப்பட்டறைத் தண்ணி லாரிய உள்ள விடுறான். கிருமியெல்லாம் சாகுது" என்றார் அக்கா.

புகாரை டைப் செய்தவன் நான். அவனை விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்றார் மேனேஜர். தம்பி சாவியை என் மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் போனான். அந்த அமைதியே எனக்கும் சந்தேகமாக இருந்தது.

மறுநாள் அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு தானே ஏறி இரண்டு புட்டி பிடித்தார். முதல் புட்டியை உடனே அளந்தார். எண் எகிறியது.

"பாத்தியா? அவன் போனதும் உசிரு வந்துடுச்சு!"

நானும் தலையாட்டினேன். அதற்குள் மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு மணி நேரம் கழித்து வந்து மற்ற புட்டியை அளந்தார். பழையபடி படுத்துவிட்டது எண். அதே தொட்டி, அதே தண்ணீர். மூடிய புட்டிக்குள் இருந்த அழுக்கைத் தின்று தீர்த்த கிருமிகளின் மூச்சு பட்டினியில் அடங்கியிருந்தது.

அக்கா மெல்ல உட்கார்ந்தார். "அந்தத் தம்பி புட்டிய எத்தன மணிக்கு வெப்பான்?"

"ஏழு மணிக்கு. ஒன்பதுக்கு நீங்க வந்ததும் ரெடியா இருக்கணும்னு."

தினமும் பார்த்தவன் நான். சொல்லத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது.

மேனேஜரிடம் போய்த் தன் தவறைச் சொல்லிவிட்டு, என் போனிலிருந்தே ஸ்பீக்கரில் அவனைக் கூப்பிட்டார் அக்கா. "தம்பி, இன்னைக்கு நானே ஏறி எடுத்தேன்..."

அவன் முடிக்க விடவில்லை. "ஐயோ, ஏங்க்கா? முட்டி எப்படி இருக்கு?"

துப்பறிவாளியிடம் அன்று ஒரு கேள்வியும் இல்லை.

"வலிக்குதுப்பா" என்று சொல்லிவிட்டு அழுதார்.