கறைக்குள் ஓர் எண்

என் அலுமாரியில் ஒரு பழைய கணக்குக் கொப்பி இருக்கிறது. அதன் பின் அட்டையில் வாய்ப்பாடு அச்சிட்டிருக்கும். ஏழாம் வாய்ப்பாட்டில் 'ஏழெட்டு' என்ற வரியின் விடையைச் சாயத் தேநீர் நிறத்தில் ஒரு கறை மூடியிருக்கிறது. அது சின்னம்மாவின் இரத்தம்.

அன்று ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் மழை. பள்ளிவிட்டு வந்த என்னைக் கையைப் பிடித்து எங்கள் லயத்து வீட்டுப் படியில் ஏற்றும்போது சின்னம்மா வழுக்கி விழ, இருவருமே உருண்டோம். அவள் நெற்றி பிளந்து, சிதறிக் கிடந்த என் கொப்பியிலும் இரத்தம் சொட்டியது. என் தலையும் கல்லில் மோதியதுதான்; ஆனால் ஒரு கீறல்கூட இல்லை. அதனால் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அவளுக்குத் தையல் போட, தோட்டத்து டிஸ்பென்சரிக்கு த்ரீவீல் ஆட்டோவில் புறப்பட்டோம். வழியில் நான் வாந்தியெடுத்தேன். பிறகு கண்ணைச் சொருகிக்கொண்டு வந்தது. மிச்சமெல்லாம் அவள் சொல்லித்தான் தெரியும்.

என் பயத்தைப் போக்க, "எங்க டீச்சரம்மா, ஏழாம் வாய்ப்பாட்ட சொல்லுங்க பாப்போம்" என்றாளாம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமை என்னைவிட அவளுக்குத்தான் அதிகம். நான் சொல்லச் சொல்ல, "கேட்டீங்களா தம்பி, எங்க புள்ளைய?" என்று சாரதியிடம் பீற்றிக்கொண்டிருக்கிறாள். அவர் வண்டியை நிறுத்தினார்.

"அக்கா, புள்ள எல்லாத்தயும் தப்பா சொல்லுதே. எப்பவும் இப்பிடித்தானா?"

"ஐயோ, அவதான் வகுப்புல மொதலு. வண்டிய கண்டி பெரியாஸ்பத்திரிக்கு திருப்புங்க தம்பி!"

இப்போது சிறுவர் வார்டில் தாதியாக நிற்கும்போது அந்த நாளின் அருமை எனக்கு விளங்குகிறது. தலையில் பலமாக அடிபட்ட பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஓரிடத்தில் இரத்தம் கட்டும். பிள்ளைகளுக்கோ, அப்படி எதுவும் இல்லாமலே மூளை முழுவதும் வீங்கிவிடலாம். பேசிக்கொண்டிருந்த பிள்ளை கொஞ்ச நேரத்தில் மயங்கிப்போகும். நேரத்தோடு வந்து சேர்ந்தால் பல பிள்ளைகள் நன்றாகத் தேறிவிடுவார்கள். நான் தேறினேன். சின்னம்மாவுக்கு நெற்றித் தையலோடு போயிற்று.

ஆனால் அவள் மனம் ஆறவில்லை. "தப்புன்னுகூட எனக்கு தெரியலயே" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். நான் வீடு திரும்பிய வாரமே கொப்பியை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து ஏழாம் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்தாள். அது ஒன்றுதான் அவளுக்குத் தெரியும்.

இன்றும் வேலை முடிந்து போனால், தேநீரை நீட்டும் முன் "ஏழெட்டு?" என்பாள். போன மாதம் விளையாட்டாக, "ஐம்பத்திரண்டு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. கோப்பையை வைத்துவிட்டு இரு கையாலும் என் தலையைத் தடவிப் பார்த்தாள்.

"ஐம்பத்தாறு சின்னம்மா, ஐம்பத்தாறு!"

கொப்பியை மறுபடி எடுத்துப் பார்க்கிறேன். கறைக்குள் அந்த எண் தெரியவில்லை. அவளுக்குத் தெரியும்.