முட்டி வலிக்கு ஒரு சைக்கிள்

இடது முட்டி தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னபோது எனக்கு அறுபத்துநான்கு வயது. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு எலும்புக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி எப்படிக் குறைந்துபோயிருக்கிறது என்று பேனாவால் காட்டினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் மனைவிதான் குனிந்து, இட்லி வெந்துவிட்டதா என்று பார்ப்பவளைப் போல உற்றுப் பார்த்து, "ஆமா டாக்டர், ஒட்டிக்கினு இருக்குது" என்றாள்.

டாக்டர் மூன்று விஷயம் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிப் பத்து எண்ணும்வரை வைத்திருக்க வேண்டும். உடம்பைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். நடக்கும்போது கைத்தடி பிடிக்க வேண்டும். முதல் இரண்டுக்கும் தலையாட்டினேன். மூன்றாவது என் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவன் நான். தினமும் ஏணியில் ஏறி, கூரையை ஒட்டிய கேபினில் உட்கார்ந்து, எல்லாருடைய உச்சந்தலையையும் மேலிருந்து பார்த்தவன். கவரைப்பேட்டையில் எங்கள் தெருவில் பாதிப் பேர் அந்த ஆலைக்காரர்கள். அவர்கள் கண்முன்னே தடி ஊன்றி நடக்க எனக்கு மனசு வரவில்லை.

"தடி புடிச்சா கெய்வன் மாரி இருக்கும்" என்றேன் வீட்டில்.

"மாரி இன்னா மாரி?" என்றாள் மனைவி.

முதலில் குடையை ஊன்றிப் பார்த்தேன். குடை ஊன்றுபவன் மழைக்குப் பயந்தவன், அவ்வளவுதான். மூன்றாம் நாள் காய்கறிக் கடை வாசலில் பொத்தான் அழுந்தி, குடை படாரென்று விரிந்து, ஒரு கூடைக் கத்தரிக்காயைத் தெருவில் உருட்டிவிட்டது. குனிந்து பொறுக்க முட்டி இடம் தரவில்லை. கடைக்கார அம்மா பொறுக்கி முடிக்கும்வரை, வெயிலில் அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகுதான் சைக்கிள் யோசனை வந்தது. காலைத் தூக்கிப் போட்டு ஏற முடியாததால் வீட்டோரம் சும்மா கிடந்த சைக்கிள். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நடந்தால் பாரமெல்லாம் அதன்மேல் போய்விட்டது. தள்ளாடினால் பிரேக் பிடிக்கலாம். பார்ப்பவர்களுக்கு நான் சைக்கிளோடு போகும் ஒரு மனிதன். முட்டியைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வராது.

எங்கள் ஊர் மக்களின் நல்ல மனசைத்தான் நான் கணக்கில் எடுக்கவில்லை.

"இன்னா சார், பஞ்சரா?"

முதல் நாள் இல்லை என்றேன். "அப்ப ஏன் உருட்டிக்கினு போறீங்க?" என்று கேட்டார்கள். மறுநாளிலிருந்து ஆமாம் என்று சொல்ல ஆரம்பித்தேன். டீக்கடையில் கேட்டார்கள், ஆமாம். ஸ்டேஷன் வாசலில் கேட்டார்கள், ஆமாம். கூட வேலை பார்த்த ஒருவர் மட்டும் டயரை அழுத்திப் பார்த்து, "கல்லு மாரி இருக்குதே" என்றார். அடுத்த நாளிலிருந்து, பொய்க்கு மரியாதையாக, கிளம்பும் முன் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டுக் கிளம்பினேன். காற்று இறங்கிய சைக்கிளைத் தள்ளுவது கஷ்டம். வலி கூடியது.

"தெனம் காலீல காத்த எறக்கிட்டு வாக்கிங் போற ஆளு இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான்" என்றாள் மனைவி. அவள் சிரிக்கவில்லை. அடுப்பில் எனக்கு ஒத்தடத்துக்கு உப்பு வறுத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மாதம் இப்படி ஓடியது. ஒருநாள் காலை பத்து மணிக்கு, பஞ்சர் கடைக்காரர் கடையை விட்டு இறங்கி வந்து நடுரோட்டில் என்னை மறித்தார். முகம் வாடியிருந்தது.

"நைனா, ஒரு மாசமா பஞ்சர் பஞ்சர்னு சொல்லிக்கினு என் கடை வழியாவேதான் போறீங்க. ஒருநாளாவது உள்ள வந்தீங்களா? என் வேலைல இன்னா கொறை?"

நான் வாய் திறப்பதற்குள் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். பிடிக்க எதுவும் இல்லாமல் நடுரோட்டில் ஒற்றைக் காலில் நான் நின்றேன். பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது.

"பெருசு, ஓரமா நவுரு."

"முடியாதுப்பா."

நான் தகராறு செய்வதாக நினைத்து அவர் விடாமல் ஹாரன் அடித்தார். அதற்குப் பின்னால் ஒரு பேருந்து வந்து நின்றது. இதற்குள் கடைக்காரர் டியூபைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, அங்குலம் அங்குலமாகத் தேடிவிட்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "நைனா, இதுல ஓட்டையே இல்லியே."

"ஓட்டை என் முட்டில" என்று நானும் அதே குரலில் சொன்னேன்.

ஹாரன் நின்றது. ஆட்டோக்காரர் இறங்கி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவரும் கடைக்காரருமாக என்னைக் கடைக்கு நடத்திப் போய், பழைய டயர் அடுக்கின் மேல் உட்கார வைத்தார்கள். அது தாழ்வான அடுக்கு. டயருக்கு நடுவில் நான் அமிழ்ந்துபோனேன். எழுப்ப நான்கு பேர் வேண்டியிருந்தது. அதில் ஒருவர் பேருந்தின் கண்டக்டர்.

"மொதல்லயே சொல்லி இருக்கலாம்ல" என்றார் கடைக்காரர். கோபம் போய்விட்டிருந்தது. ஓர் இரும்புக் குழாயின் நுனியில் டியூப் ரப்பரைச் சுற்றிக் கொடுத்தார். அதை ஊன்றி வீடு போய்ச் சேர்ந்தேன்.

மனைவி குழாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பீரோவுக்குப் பின்னாலிருந்து புத்தம்புதுக் கைத்தடி ஒன்றை எடுத்து வந்து நீட்டினாள்.

"எப்ப வாங்கின?"

"டாக்டர் சொன்ன அன்னிக்கே. நீங்களா கேக்கட்டும்னு உட்டுட்டேன்."

அதையும் இரண்டு நாள் இடது கையில் பிடித்துத் தடுமாறினேன். இடது முட்டி வலிக்கு வலது கையில்தான் பிடிக்க வேண்டுமாம். அதையும் அவள்தான் டாக்டரிடம் கேட்டு வந்து சொன்னாள். காலை நீட்டும் பயிற்சியை அவள் எண்ண நான் செய்கிறேன். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் அவள் குக்கரைப் பார்த்துவிட்டு வருவாள். அதனாலோ என்னவோ தொடை பலப்பட்டிருக்கிறது. வலி போகவில்லை, ஆனால் என்னோடு ஒத்துப்போகிறது.

போன மாதம் மின்சார ரயிலில் மீஞ்சூர் போனேன். தடியைப் பார்த்ததும் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். உட்கார்ந்த பிறகுதான் அவரும் முட்டியைத் தேய்த்துக்கொண்டு நிற்பதைக் கவனித்தேன். எனக்கு மனசு கேட்கவில்லை, எழுந்துவிட்டேன். "நீங்க உக்காருங்க" என்றேன். "உங்க கையில தடி கீது, நீங்கதான் உக்காரணும்" என்றார். எனக்கு ஒரு முட்டிதான் என்றேன். தனக்கு இரண்டும் என்றாலும் பழகிவிட்டது என்றார். பொன்னேரியில் ஏறிய ஒருவர் நாங்கள் பேசி முடிப்பதற்குள் அந்த இடத்தில் உட்கார்ந்து தூங்கிப்போனார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு, எந்தத் தைலம் குறைவாக நாறும் என்று மீஞ்சூர்வரை பேசிக்கொண்டு போனோம்.