சாம்பாருக்கு மாட்டிய வார்

தில்லிக்கு வந்த புதிதில், தூதரகங்கள் இருக்கும் சாணக்யபுரிப் பக்கம் ஒரு காட்சியைப் பார்த்து அசந்து நின்றிருக்கிறேன். வெள்ளைக்காரத் தாய் ஒருத்தி, வீறிட்டு அழும் குழந்தையைக் காரின் பின்னால் ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்த்தி, வார்களை இழுத்து மாட்டிவிட்டு, நிதானமாக முன்னால் போய் வண்டியை எடுத்தாள். நம்மூரில் அழுகிற பிள்ளையை மடியிலிருந்து இறக்கினாலே கல்நெஞ்சுக்காரி என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பத்து வருஷம் கழித்து அதே மாதிரி நாற்காலி எங்கள் லோதி ரோடு குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தது. என் மனைவி செல்வி ஒரு தூதரகத்தில் டைப்பிஸ்ட். பதவிக்காலம் முடிந்து தன் நாடு திரும்பவிருந்த அவளுடைய மேலதிகாரி அம்மாள், எங்கள் நான்கு வயது மீனாவுக்கென்று அதைக் கொடுத்தார். எங்கள் புதுக் காரின் பின்சீட்டில் தானே பொருத்திக் காட்டி, தோளுக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல்தான் நுழைய வேண்டும், பக்கத்துக் கடைக்குப் போனாலும் மாட்ட வேண்டும் என்றார். நான் நம் வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். அவர் அதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு, முதலிலிருந்து மூன்று முறை சொன்னார். ஆகவே, எனக்குத் தெரியாது என்று தப்பித்துக்கொள்ள வழியில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பர் வீட்டு பஜனைக்கு சாம்பார் எங்கள் பொறுப்பு. தில்லித் தமிழர் கூட்டம் என்றால் ஆளுக்கொரு பதார்த்தம் செய்து கொண்டுபோவது வழக்கம். முந்தைய முறை ரசம் கொட்டி, நான் பிரிக்காமல் காப்பாற்றி வந்த சீட்டின் பிளாஸ்டிக் உறைக்குள் புகுந்து, கார் ஒரு மாதம் நாறியது. இந்த முறை தூக்குச்சட்டியை எங்கே வைப்பது என்று யோசித்தபோது என் மூளை பளிச்சென்று வேலை செய்தது. மீனாவின் நாற்காலியில் அதை உட்கார்த்தி, வாரை மாட்டி, ஒரு விரல் நுழைகிறதா என்றுகூடப் பார்த்தேன்.

“அப்போ பிள்ளைய?” என்றாள் செல்வி.

“முன்னால உன் மடியில வச்சுக்கோ. பத்து நிமிஷத்துல போயிரலாம்.”

ரவுண்டானாவில் ஒரு ஆட்டோ குறுக்கே வெட்டியது. பிரேக்கை மிதித்தேன். மீனாவின் நெற்றி டேஷ்போர்டில் மோதிப் பிளந்தது.

பக்கத்து நர்ஸிங் ஹோமில் தையல் போட்ட டாக்டரம்மா, குழந்தை எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று இந்தியில் கேட்டார். பின்னால், அவளுடைய சீட்டில்தான் என்று கூசாமல் சொன்னேன். தமிழைவிட இந்தி நன்றாக வரும் என் மகள் அழுகைக்கு நடுவே திருத்தினாள்: “நஹி ஆன்ட்டி, மேரி சீட் பர் தோ சாம்பார் பைட்டா தா.” என் சீட்டில் சாம்பாரல்லவா உட்கார்ந்திருந்தது என்கிறாள்.

டாக்டர் சிரித்திருந்தால் தேவலை. ஊசியை நிறுத்தி என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, மறுபடி குனிந்து தைத்தார். அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. இருவரையும் வீட்டில் விட்டுவிட்டு, அத்தனை பேர் காத்திருப்பார்களே என்று சாம்பாரைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஒரு சொட்டுகூடச் சிந்தியிருக்கவில்லை. மீனாவுக்கு ஜுரம் என்று சொன்னேன். ஊருக்கு எழுதிய கடிதத்தில் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டாள் என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு அந்த நாற்காலி இல்லாமல் அவள் காரில் ஏறியதில்லை. மே மாத லீவில் திருநெல்வேலி போனோம். என் அக்காவின் கணவர் ஸ்டேஷனுக்கு அம்பாசடர் கொண்டுவந்திருந்தார். பின்னால் ஏற்கெனவே நாலு பேர். மீனா கதவைப் பிடித்துக்கொண்டு, “அப்பா, மேரி சீட் கஹா?” என்றாள். என் சீட் எங்கே என்று கேட்கிறாள் என எல்லோருக்கும் தமிழில் சொன்னேன்.

“ஏ மாப்ள, டெல்லி மகராணிக்கு சிம்மாசனம் கொண்டு வரலையாக்கும்?” என்றார் அத்தான்.

கார் முழுக்கச் சிரித்தது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவளைத் தூக்கி முன்சீட்டில் என் மடியில் வைத்துக்கொண்டேன். அவள் உடம்பு விறைத்துப் போயிருந்தது. வீடு வரும்வரை ஒரு கையால் அவளை இறுக்கி, மறு கையை டேஷ்போர்டில் ஊன்றியபடி, அத்தான் கேட்கக் கேட்க தில்லிக் குளிரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தேன்.