கனகவல்லிக்குப் பினாங்கில் வந்த கடிதம்

பினாங்கில் தபால்காரர் யார் வீட்டுக் கடிதத்தையும் படிப்பதில்லை. இங்கே வந்து எட்டு வருஷமாகியும் இது எனக்குப் பழகவில்லை. சைக்கிளை நிறுத்துவார், கடைவாசலில் தொங்கும் தகரப் பெட்டிக்குள் உறையைப் போடுவார், போய்விடுவார். எங்கிருந்து வந்தது, உள்ளே இருப்பது கல்யாணமா கருமாதியா என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார். கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் நடப்பது வேறு. எங்கள் தெருவுக்கு வரும் கடிதமெல்லாம் கிராம முன்சீப் வீட்டில் இறங்கும். அங்கேயே பிரிக்கப்படும், படிக்கப்படும், அவர்கள் மனம் வைத்தால் நம் கைக்கு வரும். ஒருமுறை நான் இங்கே காய்ச்சலில் கிடந்ததை எழுதியிருந்தேன். அந்தக் கடிதம் கைக்கு வருமுன்பே, கழனியில் இருந்த என் நைனாவிடம் நாலு பேர், "உம் மவனுக்கு இப்போ தேவலையா?" என்று விசாரித்துவிட்டார்கள். நைனாவுக்கு எழுதத் தெரியாது. என் தங்கையிடம் சொல்லி ஒரே வரியில் பதில் எழுத வைத்தார்: "உன் ஒடம்பு ஊருக்கெல்லாம் தெரிஞ்சப்புறம் எனக்குத் தெரிஞ்சுது."

இந்த வழக்கத்தால்தான் அந்தத் தங்கை, கனகவல்லி, மருத்துவக் கல்லூரியில் கிடைக்கவேண்டிய இடத்தைப் பறிகொடுக்க இருந்தாள். கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று இரண்டு மாதம் பொறுத்தேன். ஆறவில்லை. ஆகவே சூட்டோடு எழுதுகிறேன். என்னைப் போலக் கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு ஊருக்கு யோசனை சொல்பவர்கள் கொஞ்சம் கேளுங்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இங்கே நான் வேலை பார்க்கும் மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்க வாங்கும் பழைய தாள்களைப் படித்துப் படித்தே எனக்கு எழுத்து வந்தது. கனகவல்லி அப்படியல்ல. தினமும் காலை வண்டியில் சென்னைக்குப் போய் இன்டர்மீடியட் படித்தாள். உட்கார இடம் கிடைக்காது, நின்றபடியே படிப்பாள். "பாதி டாக்டருக்கு ரயில்லயே படிச்சுட்டேண்ணா, மீதிக்குத்தான் காலேஜு" என்று எழுதுவாள். மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் பாதுகாவலர் பெயரும், கடிதம் அனுப்பவேண்டிய முகவரியும் கேட்டிருந்தார்கள். நைனா பயந்துவிட்டார். "நம்ம காயிதம் முன்சீப் ஊட்டு வாசப்படி ஏறித்தான் வரணும். அவங்க மச்சான் மவனும் அதே காலேஜுக்குப் போட்டுக்கீறான். குடுப்பாங்களா?" என்று கேட்டு எழுதச் சொன்னார். அவள் படித்த கல்லூரியையோ கோடை விடுமுறைக்குப் பூட்டிவிட்டார்கள். நான் பெரிய மூளைக்காரன் அல்லவா? என் பினாங்கு முகவரியைப் போடு என்று பதில் எழுதினேன்.

ஸ்டேஷன் எதிரில் துணிக்கடை வைத்திருக்கும் பழவேற்காட்டு பாய் எங்களுக்கு வேண்டியவர்தானே, அவர் கடை முகவரியைக் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கொடுத்திருக்கலாம். ஆனால் அந்தக் கடிதம் என் கையில் வந்து விழவேண்டும், முதலில் நான் பிரித்துப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. முன்சீப் வீட்டார்மேல் எனக்குள்ள கோபத்தில் பாதியையாவது என்மேல் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனி மாதம் முழுவதும் கடைவாசலில் நின்றேன். சர்க்கரை நிறுக்கும்போதும் கண் தெருமுனையில் இருக்கும். மலாய்த் தபால்காரர் தூரத்திலிருந்தே உதட்டைப் பிதுக்கி, "சபார், சபார்" என்று சிரித்துக்கொண்டே போவார். கேலி செய்கிறார் என்று நினைத்து ஒருநாள் நான் தமிழில் நன்றாகத் திட்டிவிட்டேன். அவரும் அதை ஏதோ மரியாதையாக எடுத்துக்கொண்டு நெஞ்சைத் தொட்டு வணங்கினார். சபார் என்றால் பொறுமையாக இரு என்று அர்த்தமாம். முதலாளி பிறகு சொன்னார். அர்த்தம் தெரிந்ததும் எனக்கு இன்னும் கோபம் வந்தது. பொறுமையைத் தவிர வேறு எதைச் செய்துகொண்டிருந்தேன்?

ஒரு வியாழக்கிழமை கடிதம் வந்தது. கப்பலில் ஆடி அசைந்து வந்திருந்தது. நேர்முகத் தேர்வு வரும் திங்கள் காலை பத்து மணிக்கு, சென்னையில். வாசலிலேயே நான் போட்ட கூச்சலைக் கேட்ட தபால்காரர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஓடிவந்தார். யாரோ செத்துப்போனதாக நினைத்து, இரண்டு கைகளையும் விரித்து எனக்காக துஆ ஓதினார். அவருக்கு நான் எதை விளக்குவேன்? தந்தி ஆபீசுக்கு ஓடினேன். இந்த முறையாவது புத்தி வந்தது; பாய் கடைக்குத்தான் தந்தி கொடுத்தேன்.

பாய் கடையை மகனிடம் விட்டுவிட்டு சைக்கிளில் கழனிக்கே போயிருக்கிறார். "நைனா, ஏர அவுத்து வுடு! பொண்ண மெட்ராஸ்ல கூப்ட்டுக்கீறாங்கோ, திங்கக்கெழம காத்தால!" என்று வரப்பிலிருந்தே கத்தினாராம். முன்சீப்பின் மச்சான் மகனுக்கு அதே அழைப்பு பத்து நாள் முன்பே வந்து, அந்த வீட்டு அலமாரியில் இருந்ததாம். அங்கே யாரும் வாயைத் திறக்கவில்லை.

திங்கள் காலை அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பாடா என்று நீங்கள் மூச்சு விடலாம், நானும் விட்டேன். அடுத்து வந்த கடிதத்தில்தான் மீதி தெரிந்தது. தேர்வுக் குழுவில் ஒருவர் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, "மலாயாக்காரங்களுக்கு வேற வழி இருக்கேம்மா, நீ ஏன் இங்க வந்தே?" என்றிருக்கிறார்.

"நான் கும்மிடிப்பூண்டி சார். காலை வண்டியிலதான் வந்தேன்."

"பேப்பர்ல பினாங்குன்னு இருக்கே?"

"அது எங்கண்ணன் சார்."

"உன் பாதுகாவலர் எங்கேயோ அதுதாம்மா உன் ஊரு."

பெற்ற தகப்பன் வெளியே மரத்தடியில் நிற்கிறார். அவருக்கு எழுத்துத் தெரியாது என்பதால் பாதுகாவலர் கட்டத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன். அதற்குத் தண்டனையாக, பிறந்ததிலிருந்து சென்னைக்கு அந்தப் பக்கம் போகாத பெண் வெளிநாட்டுக்காரியாகிவிட்டாள். ஒரு வாரத்துக்குள் இந்த ஊர்தான் என்று சான்று வேண்டும், இல்லாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி. சான்றில் யார் கையெழுத்துப் போடவேண்டும்? கிராம முன்சீப்.

நைனா மூன்று நாள் அந்த வாசலில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். முதல் நாள், "காயிதம் வாங்க மட்டும் பினாங்கு, கையெழுத்துக்கு மட்டும் நம்ம ஊடா? உம் புள்ளகிட்டயே வாங்கிக்கினு வாயேன்" என்றார் முன்சீப். இரண்டாம் நாள் தூங்குகிறார் என்றார்கள். மூன்றாம் நாள் மை தீர்ந்துபோயிற்று. நானோ அங்கே நடப்பது தெரியாமல் இங்கே பருப்பை நிறுத்துக்கொண்டிருந்தேன்; கடிதத்தில் படித்தபோதுதான் பல்லைக் கடித்தேன். ஆயிரம் மைல் தள்ளி இருப்பவனின் கோபம் எதற்கு உதவும்? பல்தான் தேயும்.

நாலாம் நாள் கனகவல்லியே போனாள். "மை நான் கொண்டாந்துக்கீறேங்க" என்று பேனாவை நீட்டினாள்.

"இன்னா, வாயி நீளுது?" என்றார் அவர்.

"ஏரிக்கரை ஒடைஞ்சா மண்ணு சொமக்க எங்க நைனாவத்தான மொதல்ல கூப்ட்றீங்க? அப்போ நாங்க எந்த ஊருங்க? அத்த எழுதிக் குடுங்க, போதும்."

சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. அவர் அவளையே பார்த்தார், பேனாவைப் பார்த்தார், கடைசியில் கையெழுத்துப் போட்டார். "டாக்டராயி வந்து மொத ஊசி எனக்குத்தாண்டா போடுவா" என்று அவர் சொன்னதும்தான் கூட்டம் சிரித்ததாம். நைனா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து அவளிடம், "நான் மூணு நாளா வாய வூட்லயே வெச்சுட்டுப் போனேன்மா" என்றாராம். அந்த வரியைப் படித்ததும் என்னால் மேலே படிக்க முடியவில்லை. தாளை மடித்துவிட்டுக் கடைக்குப் பின்பக்கம் போய் நின்றேன்.

அதன் பிறகு அவள் எந்தத் தபாலையும் நம்பவில்லை. வாரம் தவறாமல் ரயிலேறிப் போய்க் கல்லூரி அறிவிப்புப் பலகை முன் நின்றாள். ஐந்தாவது முறை போனபோது பெயர் இருந்தது. இடம் கிடைத்துவிட்டது. ஆனால் பெயருக்கு நேரே ஊர் என்ற கட்டத்தில் பினாங்கு என்றே போட்டிருந்தார்கள். சான்றைக் காட்டி மாற்றச் சொன்னதற்கு, "பேரு வந்துச்சில்ல, ஊரு இன்னாவா இருந்தா இன்னாம்மா?" என்றாராம் குமாஸ்தா. அவளும் சோர்ந்துபோய் விட்டுவிட்டாள். மூன்று நாள் நின்ற கால்களுக்கும், அந்தக் கையெழுத்துக்கும் கடைசியில் கிடைத்த மதிப்பு அவ்வளவுதான்.

இப்போது விடுதியில் அவளுக்குக் கனகவல்லி என்ற பெயரே இல்லையாம். "ஏய் பினாங்கு, குளிக்க வர்றியா?", "பினாங்கு, உன் நோட்டைக் குடுடீ." முதலில் சண்டை போட்டாளாம், இப்போது அந்தப் பெயரைக் கேட்டால் தானாகத் தலை திரும்புகிறதாம். இங்கேயே பிறந்த தமிழர்கள் என்னை ஊர்க்காரன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். "ஊர்க்காரரே, அரை ராத்தல் புளி" என்று நேற்று மாலைகூட ஒருவர் குரல் கொடுத்தார். நானும் திரும்பினேன்.