தொட்டியில் நனைந்த ஸ்டாலின்கிராட்

ஏழாம் வகுப்பில் படித்தபோது, இரண்டாம் உலகப்போரைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் எவரும் ரொறன்ரோவில் இல்லை என்று நம்பியிருந்தேன். போரின் போக்கை மாற்றிய மூன்று இடங்களை வரைபடத்தில் காட்டி, ஏன் அவை திருப்புமுனைகள் என்று வகுப்பின் முன்னால் நின்று விளக்க வேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். அன்றே அதை வீட்டில் எல்லோருக்கும் அறிவித்துவிட்டேன். வீடு என்பது சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாறாவது மாடியில் இருந்த சிறு குடியிருப்பு. எல்லோரும் என்பது அம்மாவும் அப்பாவும்.

இருவரும் பள்ளிக்கூடத்தின் வாசலை மிதிக்காதவர்கள். கடலுக்குப் போய்ப் பிழைத்த எங்கள் குடும்பத்தில் எழுத்தை அறிந்த முதல் ஆள் நான். அந்தப் பெருமை என்னைவிட அம்மாவுக்கு அதிகம். பக்கத்து வீட்டு அன்ரி வந்தால்கூட, "பிள்ளை படிக்குது, மெல்லக் கதையுங்கோ" என்பார்.

அந்தச் சனிக்கிழமை அப்பா உணவகச் சமையலறைக்கு வேலைக்குப் போயிருந்தார். நான் பெரிய வெள்ளை மட்டைத் தாளைத் தரையில் விரித்து, ஸ்டாலின்கிராட் நகருக்குப் பின்னால் இரண்டு சிவப்பு அம்புகள் வந்து சந்திப்பதை வரைந்து முடித்திருந்தேன். பசிபிக்கில் மிட்வே தீவும் ஆயிற்று. கனடாக்காரரும் இறங்கிய நோர்மண்டிக் கரைக்கு நீல அம்பு போட்டுக்கொண்டிருந்தபோது, வெளியே நடையில் கதவுகள் ஒவ்வொன்றாகத் தட்டப்படும் சத்தம் கேட்டது. கூடவே சப்பாத்துச் சத்தம். வோக்கி ரோக்கியின் கரகரப்பு.

அம்மா கதவுத் துவாரத்தில் கண்ணை வைத்தார். திரும்பியபோது அவருடைய முகம் எனக்குத் தெரியாத முகமாக இருந்தது.

"உதை எடு."

"எதை?"

"உந்தப் படத்தை. அம்புக்குறியெல்லாம் போட்டு வைச்சிருக்கிறாய். கண்டால் விடுவாங்களோ?"

"அம்மா, இது கனடா. படத்தில இருக்கிறது ரஷ்யா."

"எந்த நாடெண்டு அவங்களுக்கு நீ படிப்பிக்கப் போறியோ?"

நான் எழும்புவதற்குள் மட்டை அவர் கையில் இருந்தது. குளியலறைக்குள் ஓடி, தொட்டிக் குழாயைத் திறந்தார். எரித்தால் புகை காட்டிக்கொடுக்கும். நனைத்துப் பிசைந்தால் வெறும் கூழ். ஊரில் இராணுவம் தேடுதலுக்கு வரும்போது எல்லா வீடுகளிலும் அப்படித்தான் செய்வார்களாம். ஸ்டாலின்கிராட்டின் சிவப்பு, அம்மாவின் முழங்கைவரை வழிந்தது. நான் அழத் தொடங்கினேன். அவர் ஈரக் கையால் என் வாயைப் பொத்தினார்.

"கேட்டால் பள்ளிக்கூடம் போறேல்லை எண்டு சொல்லு. எழுத வாசிக்கத் தெரியாது. விளங்குதோ?"

மட்டை போனதைவிட இது என்னைச் சுட்டது. ஆனால் அம்மாவின் பயம் எனக்குள்ளும் இறங்கிவிட்டது. எங்கள் கதவு தட்டப்பட்டபோது நான்தான் போய்த் திறந்தேன்.

கருநீலச் சீருடையில் இருவர் நின்றார்கள். கட்டடத்தின் தீ எச்சரிக்கைக் கருவிகளைச் சோதிக்க வந்ததாகச் சொன்னார்கள். நான் மொழிபெயர்த்தேன். அம்மா நம்பவில்லை. ஒருவர் தரையில் சிதறிக் கிடந்த மார்க்கர்களைப் பார்த்துச் சிரித்து, "வீட்டுப்பாடமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அம்மாவின் விரல்கள் என் தோளில் புதைந்தன. நான் பள்ளிக்கூடம் போவதில்லை என்று சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்களைப் பிடித்துக்கொண்டு போகப் போகிறார்கள் என்று அந்தக் கணத்தில் நானும் முழுதாக நம்பினேன்.

வந்தவர்களில் ஒருவர் நீண்ட தடியால் கூரையிலிருந்த கருவியை அழுத்தினார். அது வீரிட்டது. அடுத்த கணம் நான் தரையில் கிடந்தேன். அம்மா என்மேல் கவிழ்ந்து கிடந்தார். சத்தம் நின்ற பிறகும் அவருடைய நெஞ்சு என் முதுகில் இடித்துக்கொண்டே இருந்தது. வந்தவர்கள் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டுவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார்கள்.

பின்னேரம் அப்பா வந்ததும் முறையிட்டேன். திங்கட்கிழமை வெறுங்கையோடு நிற்கப் போகிறேன், எல்லாம் அம்மாவால்தான் என்றேன். அப்பா தொட்டியை எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"கொம்மா பயந்ததில பிழையில்லை. ஒருக்கா ஊரில ஆமிக்காரங்கள் எங்கட பஸ்ஸை மறிச்சு எல்லாரையும் இறக்கிப்போட்டாங்கள். சீற்றுக்குக் கீழ ஒரு வரைபடம் கிடந்தது. ஒவ்வொருத்தன்ர கையிலயும் குடுத்து, உன்ர ஊரைக் காட்டு எண்டாங்கள். நான் அதைத் தலைகீழாப் பிடிச்சன். ஆமிக்காரன் சிரிச்ச சிரிப்பு! பின்பக்கத்தில ஒரு உதை விட்டு, போடா எண்டிட்டான். பக்கத்தில நிண்ட ரெண்டும் படிச்ச பெடியள். டக்கெண்டு விரலை வைச்சுக் காட்டினவங்கள். பஸ் எடுக்கேக்க அவங்கள் ரெண்டு பேரும் அதில இல்லை."

அம்மா சிரிக்கவில்லை. எழுந்து போய்த் தொட்டியைக் கழுவத் தொடங்கினார்.

எனக்கோ அப்பாவை நினைத்து வெட்கமாக இருந்தது. ஒரு வரைபடத்தை நேராகப் பிடிக்கத் தெரியாதவர் இருப்பாரா? சமூகக்கல்விப் புத்தகத்தை எடுத்து வந்து, வடக்கு எப்போதும் மேலே இருக்கும் என்று அவருக்குக் கற்பித்தேன். அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அந்தப் பெடியன்களைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. சரியாகக் காட்டியவர்களை அப்பாவுக்கு முன்பே விட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.